வாட்டம் யார் பக்கம்

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் ஒரு வதந்தி ஏறியது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பொம்பளை, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் போட்ட சிமெண்ட் தரையைச் செல்போனால் அளந்து பார்த்து, கோணல் என்று சொல்லிக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டாளாம். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கடப்பாரை ஜேசிபி ஆகிவிட்டது. ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒருவர், செல்லுக்குள்ளிருந்து ஏதோ கதிர் கிளம்பித் தரை தானாகவே பிளந்தது என்று அடித்துச் சொன்னார். அந்தப் பொம்பளை அதே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் மறுக்கவில்லை. ஜேசிபி அவளுக்குப் பிடித்திருந்தது.

விசாரித்ததில் தெரியவந்தது இது. கடப்பாரை இல்லை, ஜேசிபி இல்லை, கதிரும் இல்லை. செல்போன் மட்டும் நிஜம்.

ஜெயராணி சிதம்பரம் மேல வீதியில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறவள். செல்போனில் மட்டம் பார்க்க அவள் கற்றுக்கொண்டது ஒரு கார்பெண்டரின் புண்ணியம். மாதா படத்துக்காக அவர் சுவரில் அடித்துக் கொடுத்த பலகையில் மெழுகுவர்த்தி எப்போதும் ஒரே பக்கமாக உருகி வழிந்தது. கூப்பிட்டுக் காட்டினால், பலகை கரெக்ட்தான், உங்கள் வீடுதான் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கே அவள் செல்லில் மட்டம் பார்க்கும் ஆப்பை இறக்கினாள். பலகையைக் கழற்றித் தானே நேராக அடித்தாள். அடுத்து ஃப்ரிட்ஜ். அதற்கடுத்து, துணி பிழியும்போது சமையற்கட்டு வரை நடந்து வந்த வாஷிங் மெஷின். கணவர் சார்லஸ் சுவரில் சாய்ந்து உட்காரவே யோசித்தார். தெருவில் லெவல் ராணி என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்குச் சிமெண்ட் போடுகிறவர்கள், கொத்தனாரை ஓரமாகக் கூப்பிட்டு, வாட்டத்தை அந்தாண்ட குடுத்துடு என்பார்கள். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. அந்தாண்ட என்றால் பக்கத்து வீடு. யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை யாருக்கும் இல்லை. இப்படி ஒவ்வொரு வீடாகத் தள்ளிவிட்ட மழை, கடைசி வீடான ஜெயராணி வீட்டில் வந்து தங்கும். போன ஐப்பசியில் கட்டிலின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தாள். இன்னொரு ஐப்பசிக்கு அப்படிச் சமைப்பதில்லை என்பது அவள் முடிவு.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பன் வாசலுக்குக் கான்கிரீட் போட்டார். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து பட்டுப்புடவையோடு வந்த ஜெயராணி, கொத்தனார் அன்பரசு ஈரக் கலவையை இழுத்துச் சமன் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். மட்டப்பலகையை அப்படியே வைக்கச் சொல்லி, அதன்மேல் செல்லைப் படுக்க வைத்தாள். இரண்டு டிகிரி. அவள் வீட்டுப் பக்கம்.

கொளஞ்சியப்பன் சிரித்தார். செல்லில் பேசலாம், படம் பார்க்கலாம், கொத்தனார் வேலை பார்க்கலாமா என்று கேட்டார். மகன் இளவரசுவைக் கூப்பிட்டு அவனுடைய புதுச் செல்லை வைக்கச் சொன்னார். அது தெருப் பக்கம் சாய்வு என்றது. கூட்டம் கூடியது. ஆளுக்கொரு செல்லை எடுத்து வைத்தார்கள். ஆளுக்கொரு திசையில் சாய்ந்தது. முதுகில் கேமரா பெரிசாகப் புடைத்திருந்த செல் எல்லாவற்றையும்விடக் கோணலாகச் சொன்னது. விலை ஜாஸ்தியானதும் அதுதான்.

"ஒன் செல்லு கவர்ல என்னாது, பொடச்சிக்கினு இருக்குது?" என்றார் கொளஞ்சியப்பன்.

கவருக்குள் ஒரு ஓரமாக வேளாங்கண்ணி மாதா படம், அதன் பின்னால் மடித்து மடித்துச் செருகிய பஸ் டிக்கெட்டுகள். ஜெயராணி கவரைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்தாள். ஒரு டிகிரி. கூட்டம் சிரித்தது. போயிடலாம் ராணி என்று சார்லஸ் புடவைத் தலைப்பை இழுத்தார்.

அவள் தலைப்பை விடுவித்துக்கொண்டாள்.

"மாதாவோடத எடுத்துட்டேண்ணே. மீதி ஒண்ணு ஒங்களோடது. அத நீங்க எடுங்க."

பிறகு இளவரசுவின் செல்லை வாங்கி, கேமரா எதிலும் படாதபடி அதன் பக்கவாட்டு விளிம்பில் நிறுத்திப் பலகைமேல் வைத்தாள். அதே ஒரு டிகிரி, அதே பக்கம். இளவரசு அப்பாவைப் பார்க்காமல் செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்பரசு கரணையைத் துடைத்துக்கொண்டே, எனக்குச் சொன்னதைச் செஞ்சேன் என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

கொளஞ்சியப்பன் கோபத்தில் நியாயத்தை விட்டு உரிமைக்குத் தாவினார்.

"எடம் என்னுதும்மா. எந்தப் பக்கம் சாய்ப்பேன்றது என் இஷ்டம். இன்னும் செத்த நேரத்துல இறுகிடும். அப்பறம் ஒன் செல்லு என்னா பண்ணும்?"

ஜெயராணி கலவைக்குள் இறங்கினாள். செருப்போடு, பட்டுப்புடவையோடு, நடுவில் போய் நின்றாள்.

"இறுகட்டும். நானும் நிக்கிறேன். வர்றவங்க போறவங்க கேட்டா, எங்க ஊட்டு வாசல்ல ஒரு பொம்பள மொளச்சிருக்கான்னு சொல்லிக்குங்க."

அரட்டினார்கள், கெஞ்சினார்கள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் கொளஞ்சியப்பன். அவர்களிடமும் செல் இருக்கும், வைத்துப் பார்க்கட்டும் என்றாள். சிமெண்ட் காரத்தில் கால் எரிய ஆரம்பித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெயில் ஏறியது, கலவை ஓரங்களில் வெளுத்தது. இன்னும் கொஞ்சம் போனால் திருத்தவும் முடியாது, நிற்பவளைப் பெயர்க்கவும் முடியாது என்று அன்பரசு சொன்னபோது, கொளஞ்சியப்பன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சம்மதத்துக்கு அதுதான் கையெழுத்து.

அன்பரசு கலவையைக் கிளறி, வாட்டத்தைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பி இழுத்தார். கரையேறியபோது ஜெயராணியின் செருப்பு கலவையோடு தங்கிவிட்டது. கொளஞ்சியப்பன் மனைவி பட்டம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு பின்பக்கமாக வந்து அவள் காலில் ஊற்றினாள். வெந்து சிவந்திருந்தது. தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளினாள்.

"போட்டுக்குனு போ. தார் ரோடு சுடும்."

ஐப்பசி மழை வந்தது. கொளஞ்சியப்பன் வாசல் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. ஜெயராணி அடுப்பு மேடையிலேயே மீன் குழம்பு வைத்தாள். பட்டம்மாளுக்கும் ஒரு கிண்ணம் சுவர்வழியாகப் போனது. கிண்ணம் திரும்பியும் வந்தது.

பட்டம்மாளின் செருப்பு மட்டும் திரும்பிப் போகவில்லை. குழம்பு போன சுவர்வழியாகச் செருப்பைக் கொடுக்க ஜெயராணிக்கு மனசு வரவில்லை. சண்டை போட்ட வீட்டுக்கு ஒருத்தி கையில் செருப்பை எடுத்துக்கொண்டு போனால் தெரு என்ன பேசும்? காலில் போட்டுக்கொண்டு போனால் வெறுங்காலோடு திரும்ப வேண்டும். கொளஞ்சியப்பன் பார்க்க அதை அவள் செய்ய மாட்டாள். பட்டம்மாள் கேட்கவும் இல்லை. கணவரின் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்வருகிறாள். அந்தச் சரக் சரக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை ஜெயராணி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள்.