ரோஸ்மில்க் சிந்திய படகு

அத்தைக்கு வந்த மூன்றாவது வரன் அது. முதல் வரன் ஜாதகத்தில் நின்றுபோனது. இரண்டாவது வீட்டார் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனபிறகு போனையே எடுக்கவில்லை. அதனால் இந்த முறை சங்கராபுரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பார்ப்பதெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையைச் சுற்றிப் பார்ப்பதுபோல வந்து பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

மலைமேல் இருந்த ஏரியில் கூரை போட்ட பெரிய படகு ஒன்றை அப்பா பிடித்தார். உள்ளே மெத்தை இருக்கைகள், காலுக்குக் கீழே வெளிர்சாம்பல் நிறத்தில் கார்ப்பெட். எல்லோர் கையிலும் ரோஸ்மில்க் இருந்ததைப் படகுக்காரர் கவனித்தார்.

"கார்ப்பெட்டு புதுசுங்க. சிந்திடாம குடிங்க."

 என் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

சிந்தியது அத்தைதான். படகு திரும்பும்போது லேசாகச் சாய, முழுக் கப்பும் மாப்பிள்ளையின் காலடியில் கொட்டிப் பரவியது. மாப்பிள்ளையின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கரை வந்ததும் பெரியவர்கள் இறங்கிவிட்டார்கள். படகுக்காரர் வாளியில் சோப்புத் தண்ணீரும் பழைய துண்டுகளும் கொண்டுவந்து வைத்தார்.

"தேய்க்காதீங்க, உள்ள எறங்கிடும். ஒத்தி ஒத்தி எடுங்க. பாலாச்சே, வுட்டா நாளைக்கி நாறிப்பூடும்."

அத்தை மண்டியிட்டாள். மாப்பிள்ளையும் சட்டைக்கையை மடித்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பேருக்குக் காவலாக என்னை விட்டிருந்தார்கள். அவள் ஈரத்துணியை அழுத்த, அவர் காய்ந்த துணியால் ஒற்றினார். நான் கறையையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தேன். கரையில் மாப்பிள்ளையின் அம்மா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்கிறாரோ என்று பயமாக இருந்தது. ஒருவழியாகக் கார்ப்பெட் பழைய நிறத்துக்கு வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"போயிடுச்சி அத்த" என்றேன்.

"இல்ல, இன்னும் இருக்குது" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"ஆமா, இந்த ஓரத்துலயும் இருக்குது பாருங்க" என்றார் மாப்பிள்ளை.

நான் குனிந்து, முகத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் இடத்தை ஒற்றிக்கொண்டு அவர்கள் மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அத்தை புறங்கையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். காரியம் இப்படிக் கெட்டுக் கிடக்கும்போது சிரிப்பு என்ன வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. போயிற்றா என்று கரையிலிருந்து அப்பா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுண்ணா."

மாப்பிள்ளை வீட்டில் அன்றே சரி என்று சொல்லிவிட்டார்கள். மலை இறங்கும்போது காரில் ஒரே பேச்சும் சிரிப்பும். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பளிச்சென்று கிடந்த கார்ப்பெட்டில் கறை தெரிகிறது என்கிறவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். அத்தைக்கும் அது இருந்து, இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லிவிடுவதா, சொன்னால் கல்யாணம் நின்றுபோகுமா என்று வளைவுக்கு வளைவு தவித்துக்கொண்டே வந்தேன்.