எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?

நீங்களாக இருந்தாலும் கழுவித்தான் கொடுத்திருப்பீர்கள்.

ஒருவர் கையில் கீரையைத் தூசியும் தும்புமாகவா கொடுப்போம்? எங்கள் வீட்டு முருங்கை இலையை நன்றாக அலசி, ஈரம் துடைத்து எடுத்துப் போனேன். போனது சொந்தக்காரர் வீட்டுக்கு அல்ல... லேபுக்கு!

ஒரகடம் பக்கம் வீடு கட்டி வந்த புதிதில் நட்ட மரம். அப்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பிளஸ் டூ. ரத்தசோகை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு அந்தக் கீரைதான். பொரியல், அடை, சூப்...

சமீபத்தில் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. போர் தண்ணீரும் உப்புக் கரித்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. தோட்டக்கலை ஆபீசில் கேட்டேன். மண்ணிலும் இலையிலும் குளோரைடு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்கள். நம் சமையல் உப்பில் சோடியத்தோடு ஜோடி சேர்ந்திருக்குமே, அதேதான்.

லேபில் செல்வி என்று ஒரு திருநெல்வேலிப் பெண். மரத்தடி மண் பொட்டலத்தை வாங்கி வைத்தவள், இலைப் பையைத் திறந்ததும் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா, சாமிக்குப் படைக்கவா கொண்டாந்திருக்கீய? எந்தத் தண்ணியில கழுவுனீய?"

"எங்க போர் தண்ணியிலதான்."

"சரியாப் போச்சு! உப்பை அளக்கணும்னுட்டு உப்புத் தண்ணியிலயே குளிப்பாட்டுனா எப்படி? மண்ணு இருக்கட்டும். இலையை மட்டும் கழுவாமக் கொண்டாங்க. டிஸ்டில்டு தண்ணியில நாங்க அலசிக்கிடுதோம்."

மறுபடி பறித்துக் கொடுத்தேன். மண் ரிசல்ட் முதலில் வந்தது. அதிகம். ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. மண் கெட்டால் மரமும் கெட வேண்டுமா? வேர் வாசலிலேயே தடுத்திருக்காதா? பெற்றவர்கள் இப்படித்தானே நினைப்போம் - ஊர் எப்படிப் போனாலும் நம் வீட்டுக்குள் வராது என்று?

இந்த வாரம் இலை ரிசல்ட். செல்விதான் சொன்னாள்.

"இலையிலயும் ரொம்பக் கூடுதல்க்கா."

"தூசியா இருக்குமோ? இன்னொரு தடவை கழுவிப் பார்த்தா?"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "மேல ஒட்டுனது இல்லக்கா. வேர் வழியா ஏறி உள்ள போயிட்டு. கழுவுனாப் போவாது."

மகளுக்கு இதைக் கொடுக்கலாமா? தண்ணீரில் வேறென்ன கலந்திருக்கிறது? எங்கிருந்து வந்தது? எதற்கும் இந்த டெஸ்ட்டில் பதில் இல்லையாம். எவ்வளவு என்று மட்டும் சொல்லும். சுற்றிலும் இத்தனை கம்பெனி, இத்தனை போர்... யாரைப் போய்க் கேட்பது?

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது?" என்றாள் மகள். சொன்னேன்.

"சூப்பர்! பொரியலுக்கு உப்பு மிச்சம்."

சிரிக்க முடியவில்லை. அவளும் அந்த மண்ணில் வளர்ந்தவள்தானே? விளையாடிவிட்டு வரும்போதெல்லாம், "போய் மொதல்ல கை காலைக் கழுவு" என்று விரட்டி விரட்டி வளர்த்தேன்.

எந்தத் தண்ணீரில்?