ஆறு அறைக்குச் சோலைவரி

அங்கம்மாவிடம் பழனியாண்டி நூறு ரூபாய் கடன் பட்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டு வேலையிழந்த குடும்பங்களுக்காக ஹட்டனில் அவர் கட்டிய ஆறு அறைக்கும் அந்தப் பணத்தில்தான் கூரைத் தகரம் ஏறியது. கைநாட்டுக்காரர் கட்டிய கட்டடம், இன்றைக்கும் ஒழுகாது! ஆனால் வாடகையில் மிஞ்சியதையெல்லாம் நகரசபைக்குக் கட்டும் வீட்டுவரியான சோலைவரி தின்றது.

குறைந்த வாடகை வீடுகளுக்கு வரிவிலக்கு என்று நகரசபை அறிவித்தது. பார்வையிட வந்த கிளாக்கர் சிவபாதம், "என்ன வாடகை?" என்றார்.

"பதினஞ்சுக்கும் கேக்கிறாங்க ஐயா, மாளிகை மாதிரியில்ல இருக்கு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பழனியாண்டி.

"அண்ணே, வாய மூடுங்க!" முதல் அறையில் குடியிருந்த அங்கம்மா சீறினாள். "ஐயா, நாங்க அஞ்சு ரூவாதாங்க குடுக்கிறோம்."

சிவபாதம் கதவு கதவாய்க் கேட்டு, எல்லா அறையிலும் அஞ்சுதான் என்று தெரிந்ததும் சிரித்தபடி விலக்கு எழுதினார். "உம்மட வாய்க்குத்தான் வரி போடவேணும்," என்றார் பழனியாண்டியிடம்.

இரண்டு வருட வரிப்பணம் கையில் மிஞ்சியது. "நீ இல்லாட்டி எனக்கு ஏது கூரை, தங்கச்சி?" என்று, அவள் விரித்த கையில் பழனியாண்டி கடன் நூறு ரூபாயையும் எண்ணி வைத்தார்.