ஒரு முடிச்சு சிவப்பு, ரெண்டு முடிச்சு வெள்ளை

செடியக்காவிடம் பூச்செடி வாங்கப் போனால் முதலில் குறுக்கு விசாரணைதான். "சாயங்காலம் எங்க உக்காருவீங்க? வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? தண்ணி ஊத்தப் போறது யாரு?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் நாற்றங்கால் பக்கமே விடுவாள். சுவரை ஒட்டிக் கொன்றை வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் போச்சு. "மரம் கை கால் நீட்ட வேணாமா?" என்று ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

அன்று வந்தவர் பெரிய டீச்சர். எண்பதை நெருங்கியும் குரல் இறங்கவில்லை.

"வீட்டை வித்தாச்சும்மா. மக வீட்டோட போறேன். அங்க முழுக்க வெறும் மண்ணு. நீயே பார்த்துச் சொல்லு."

மேற்கு வெயிலுக்கு ஒரு சரக்கொன்றை, சமையலறை ஜன்னலுக்கு நேராக மந்தாரை என்று முடிவாயிற்று. "வேலிக்கு அரளி... பேரப்பிள்ளை இருக்கா? அப்ப வேணாம், வாயில வெச்சுக்கும். வெட்சி போதும். வாசல் கேட்டுக்கு?"

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் செடியக்காவின் மனசு இருபத்தைந்து வருஷம் பின்னால் போய்விட்டது.

அப்போது டீச்சர் கேட்டது வெள்ளைக் காகிதப்பூ. வெட்டிய குச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமே! தகரத்தில் எழுதினால் மழையில் அழிகிறது என்று அந்த வருஷம்தான் நூல் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். சிவப்புப் பூவுக்குச் சிவப்பு நூல். வெள்ளை நூல் மண்ணில் அழுக்காகிவிடும், அதனால் வெள்ளைப் பூவுக்குப் பச்சை. கட்டியது அவள் புருஷன். அடுத்த வருஷம் டீச்சர் வீட்டு கேட் முழுக்கச் செக்கச் சிவப்பு.

டீச்சர் வந்து ஆடித் தீர்த்தார். புருஷன் பேந்தப் பேந்த விழித்தார். செடியக்கா முந்திக்கொண்டு, "நான்தான் டீச்சர் மாத்திக் கட்டிட்டேன்" என்றாள்.

"கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்கே?"

டீச்சர் போனதும் ரெண்டு நூலையும் அவர் முன்னால் நீட்டினாள். மனுஷன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒன்றுதான். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தும் அவளுக்குத் தெரியவில்லை, என்ன பெண்டாட்டி!

"யார்கிட்டயும் சொல்லிடாத. நிறம் தெரியாத செடிக்காரன்கிட்ட எவன் வருவான்?"

அன்றிலிருந்து முடிச்சு வந்தது. ஒன்று சிவப்பு, இரண்டு வெள்ளை. கவனமில்லாதவள் என்ற பெயர் ஊரில் செடியக்காவுக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டட்டும். அவர் தலை குனியக் கூடாது, அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும் அவள் வாய் திறக்கவில்லை.

"இப்பவாவது வெள்ளை தரவா டீச்சர்? அன்னைக்கு என் கவனக்குறைவுல..."

"போதும், நிறுத்து!" டீச்சர் பையிலிருந்து ஈரத்துணி சுற்றிய குச்சியை எடுத்தார். "எங்க வீட்டுக் கேட்ல இருக்கிற அந்தச் சிவப்புலேர்ந்து வெட்டினேன். இதை வேர் விட வெச்சுக் கொடு. உன் மேல தப்பில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் கத்திட்டுப் போன மறுவாரம் உன் புருஷன் எங்க வீட்டுக்கு வந்தாரு. 'அவளைத் திட்டாதீங்க டீச்சர், கண்ணு கோளாறு எனக்குத்தான். நான் சொன்னது மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம். எனக்காகப் பழி ஏத்துக்கிட்டிருக்கா, அது வீணாப் போச்சுன்னு வருத்தப்படுவா'ன்னு கண் கலங்கிட்டாரு."

செடியக்கா கவிழ்த்து வைத்திருந்த தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் டீச்சர் ஒரு நாளும் திட்டாதது பூ பிடித்துப்போனதால் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்!

"திருட்டு மனுஷன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, டீச்சர்!" சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த நிமிஷம் அவர் எதிரில் வந்து நின்றால் இரண்டு அடி போட்டிருப்பாள்.

பிறகு குச்சியை வாங்கிப் பார்த்தாள். டீச்சர், கையில் கிடைத்த பச்சை நூலைக் கட்டியிருந்தார்.

"நூலை மாத்தணுமா?"

"வேணாம் டீச்சர். முடிச்சு ஒண்ணுதானே, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மண் அள்ளப் போனாள்.