அடுப்பக்கா ஊதிய நீல மணிகள்

தொழிற்சாலையில் எல்லோரும் அவளை அடுப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். செருப்புப் பெட்டிக்குள்ளும் மாத்திரை டப்பாவுக்குள்ளும் ஈரத்தை உறிஞ்சுவதற்காகச் சின்னப் பொட்டலம் ஒன்று போட்டிருப்பார்களே, அதிலுள்ள மணிகளுக்கு நிறம் ஏற்றுவது அவள் வேலை. கோபால்ட் உப்பு தண்ணீரோடு சேர்ந்திருக்கும்வரை ரோஜா நிறம். அந்தக் கரைசலில் வெள்ளை மணிகளை ஊறவைத்து அடுப்பில் ஏற்றினால் தண்ணீர் போய் நீலமாகும். ஈரம் பட்டால் மறுபடி ரோஜா. சரக்கு தேறுமா என்று பார்க்க ஒரு கை மணியை அள்ளி, வாயருகே வைத்து ஊதுவாள். நிறம் வெளிறத் தொடங்கினால் சரக்கு சரி. ஊதியவள் மூச்சை இழுக்கவும் வேண்டுமே? தூசியும் கூடவே உள்ளே போனது, பதினான்கு வருடம். முகமூடி கேட்டபோதெல்லாம், "கைக்குட்டையைக் கட்டிக்கம்மா" என்று மேனேஜர் பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார். புண்ணியவான்!

இப்போது நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கிறது. "வேலையாலதான் நுரையீரல் கெட்டுப்போச்சுன்னு நான் எழுதணும்னா, எதுல வேலை செஞ்சீங்கன்னு கம்பெனி எழுதித் தரணும்மா" என்றார் டாக்டர். அது இருந்தால்தான் தொழில்நோய்க்கான இலவச சிகிச்சை.

நடையாய் நடந்து ஒரு கடிதம் வாங்கினாள். 'பொட்டலம் கட்டும் பிரிவு' என்றிருந்தது. ஒரு நாள்கூட அவள் பொட்டலம் கட்டியதில்லை. கடிதத்தோடு மறுபடி மேனேஜரிடம் போனாள்.

"கோபால்ட்டுன்னு ஒரு வார்த்தை போடுங்க சார்."

"அதையெல்லாம் நிறுத்தி எவ்வளவோ நாளாச்சேம்மா."

"போன வாரம்தானே சார் நிறுத்துனீங்க?"

உண்மைதான். நீல மணி ஆபத்து என்று வெளிநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பியதால் சரக்கு கோபால்ட் இல்லாத ஆரஞ்சு மணிக்கு மாறியிருந்தது. மேனேஜரின் முகம் சுண்டிப்போனது.

அதற்குள் லாரி வந்து நின்றது. மிச்சமிருந்த உப்பு டிரம்களை அப்புறப்படுத்த வந்தவர்கள் தலை முதல் கால்வரை மூடிய உடுப்போடு இறங்கினார்கள். ஒரு டிரம்மின் மூடி தளர்ந்திருந்தது. கிட்டே போக மாட்டோம் என்றார்கள்.

"ஏம்மா, அதைக் கொஞ்சம் இறுக்கி விடேன்" என்றார் மேனேஜர்.

பழக்க தோஷம், வெறுங்கையால் இறுக்கிவிட்டாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

லாரிக்காரர் நீட்டிய காகிதத்தை மேனேஜர் நிரப்பினார். அவள் எட்டிப் பார்த்தாள். 'கோபால்ட் குளோரைடு. சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு.' அவருடைய கையெழுத்தேதான்.

"சார், இதுல ஒரு காப்பி குடுங்க. எனக்கு இது போதும்."

அவர் காகிதத்தை மடித்து லாரிக்காரரிடம் கொடுத்தார்.

"இது டிரம்முக்குக் குடுக்குற பேப்பர்மா. ஆளுங்களுக்குக் குடுக்குறதில்ல."