தேன்கூட்டுத் துணியைப் பிரித்த கதை

கண்ணுகளா, படிக்க உட்கார்ந்தால் மனசு நிற்கவில்லை என்று இருவரும் மாறி மாறிச் சொல்கிறீர்கள். "உங்களுக்கு மட்டும் எப்படிப்பா ஒரே எடத்துல நிக்குது?" என்று சின்னவன் கேட்டான். எனக்கு வாய்த்ததும் நிற்காத மனசுதான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மனசை நிறுத்த ஒரு துண்டுத் துணிதான் எனக்குச் சொல்லித் தந்தது. அதை எழுதுகிறேன், படியுங்கள்.

எண்பதுகளின் கடைசியில், நம் பனியன் ஊரின் ராயபுரத்தில், துணி ஓட்டும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஓட்டு வீடு, உள்ளே நாலு வட்ட மெஷின், அவ்வளவுதான். மேலிருந்து நூல் இறங்கும், ஊசிகள் கொத்திக் கொத்திப் பின்னும், கீழே துணி குழாய் போல வரும். நான் பார்த்தது மூலையில் இருந்த பழைய மெஷினை.

கரண்ட் போனால் எல்லோரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்து அரசியல் பேச வராது. வேஸ்ட் துணி ஒன்றை எடுத்து நூலை உருவுவேன். பின்னிய துணி வரி வரியாக அவிழும். முதலில் சும்மா கை அரிப்புக்குத்தான் செய்தேன். பிறகு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். எடுத்த வரி முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருக்கும்போது ஒரு கேள்வியாவது மிச்சம் இருக்க வேண்டும். நூல் இங்கே ஏன் மடிந்தது, அங்கே ஏன் நழுவியது என்று எதையாவது கேட்டுக்கொள்வேன். போகப்போக, கரண்ட் சீக்கிரம் வந்துவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மெஷினைக் கழற்றிப் பூட்டுவதும் டிசைன் மாற்றுவதும் ஃபிட்டர் அண்ணாச்சியின் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைக் கண்டால் அவருக்குக் கேலிதான். "ஊரே துணி பின்னுது, நீ ஒருத்தன் பிரிச்சிட்டு இருக்கியேடே! உனக்குச் சம்பளம் குடுக்கதா, உங்கிட்ட வாங்குகதா?"

அந்தச் சமயத்தில் பழைய மெஷினுக்கு வேலை குறைந்துவிட்டது. முதலாளி கூப்பிட்டார். "மனசுல வெச்சுக்காத கண்ணு. அந்த மெஷினை வித்தரலாம்னு இருக்கறன். அப்பறம் உனக்கு இங்க வேலை இருக்காது."

பெரியவளே, அப்போது நீ அம்மாவின் வயிற்றில். வேலை போனால் சொந்த ஊரான குன்னத்தூருக்குத் திரும்பி, அடுத்தவர் தோட்டங்காட்டுக்குத் தண்ணி கட்ட வேண்டியதுதான்.

அதே வாரம் ஒரு வியாபாரி சாம்பிள் கொண்டுவந்தார். வேறு ஊரில் ஓட்டியது, சாயப்பட்டறைக்குப் போகாத துணி. காலர் வைத்த டி-சர்ட்டுக்கு. தடவினால் தேன்கூடு மாதிரி குழி குழியாகத் தட்டுப்படும். இதே போல ஓட்டிக் கொடுத்தால் வருஷம் முழுக்க ஆர்டர் என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். அதற்கேற்ற ஊசி அமைப்பு பழைய மெஷினில்தான் இருந்தது. இந்தத் துணி ஓடினால் மெஷினும் இருக்கும், நானும் இருப்பேன்.

அண்ணாச்சி சனிக்கிழமை வரை மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தார். குழி வந்தது, ஆழம் வரவில்லை. "என்னமோ ஒண்ணு பிடிபட மாட்டேங்கு" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அண்ணாச்சி, சாம்பிள்ல ஒரு மூலையை வெட்டிக் குடுங்க. பிரிச்சுப் பாக்கறனுங்க."

முதலாளி சரி என்று தலையாட்டினார். தீப்பெட்டி அளவு துண்டு என் கைக்கு வந்தது. "பிரிக்கவனுக்கும் ஒரு காலம் வரும்னு எவன் கண்டான்!" என்றார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்தேன். முதல் இழுப்பிலேயே நூல் சிக்கிக்கொண்டது. இந்த மாதிரித் துணி கடைசியாகப் பின்னிய பக்கத்திலிருந்துதான் அவிழும். நான் அவசரத்தில் மறு முனையைப் பிடித்து இழுத்திருந்தேன். பாதித் துண்டு பாழ். முகம் கழுவிக்கொண்டு வந்து, மிச்சத்தைத் திருப்பி வைத்து மெதுவாக ஆரம்பித்தேன். நூல் முழு வளையமாகப் பின்னிய இடத்துக்கு ஒரு தட்டைப்பயறு, பின்னாமல் சும்மா மடிந்து கிடந்த இடத்துக்கு ஒரு புளியங்கொட்டை என்று தரையில் வரிசையாக அடுக்கினேன்.

உங்கள் அம்மா வந்து நின்றாள். "ஏனுங்க, கொழம்புக்கு வெச்ச பயிறை ஊட்டுக்குள்ளயே வெதைக்கறீங்களா?"

"கொஞ்சம் பொறு. இந்த வரி முடியட்டும்."

"உங்க வரி முடியறதுக்குள்ள எனக்குப் பேறுகாலமே வந்துருமாட்ட இருக்குது." சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இந்த ரெண்டு வரியும் ஒரே மாதிரி இருக்குதுங்க. ஒரே வரியை ரெண்டு தரம் வெச்சுட்டீங்களாட்ட."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மடிப்பு ஒரு வரி, முழுசு ஒரு வரி என்று மாறி மாறி வருவதுதான் நாங்கள் அறிந்த வழக்கம். அண்ணாச்சி பூட்டியதும் அப்படித்தான். மேல் வரியை எடுத்துவிடக் கை போனது. சட்டென்று நிறுத்தினேன். வரி முடியாமல் நான் ஒரு தரம்கூட எழுந்திருக்கவில்லையே, தப்பு எப்படி நுழையும்? கண்ணில் பட்டதை நம்பித்தான் பார்ப்போமே என்று இன்னும் கொஞ்சம் பிரித்தேன். அங்கேயும் புளியங்கொட்டை அடுத்தடுத்து இரண்டு வரி. அப்புறம்தான் முழு வரி. ஒரே ஊசி இரண்டு தரம் நூலைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் குழிக்கு அந்த ஆழம்!

கண்ணுகளா, தப்பு மாதிரித் தெரிவதை அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் சொன்னேன். "ரெண்டு தரமா? ஊசி தாங்காதுடே, ஒடிஞ்சிரும்."

"நூலைக் கொஞ்சம் தளர்த்தி விட்டா தாங்குமுங்களா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். அவர் பூட்ட, நான் நூலைத் தளர்த்த, மத்தியானம் ஆகிவிட்டது. முதலில் மெஷினைக் கையால் சுற்றினோம். ஒரு ஊசியும் ஒடியவில்லை. சுவிட்சைப் போட்டோம். துணி இறங்கியது, குழி குழியாக, ஆழமாக. "ஏ, வந்துட்டுல்லா!" என்று அண்ணாச்சி என் முதுகில் போட்ட போடு தெருவுக்கே கேட்டிருக்கும்.

சாயங்காலம் வியாபாரியைக் கண்ணை மூடச் சொன்னார் முதலாளி. கைக்கு ஒன்றாக இரண்டு துணியைக் கொடுத்து, "இதுல நீங்க கொண்டாந்தது எதுங்க?" என்றார். வியாபாரி விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது எங்கள் துணி! மெஷின் சத்தத்தையும் மீறி எல்லோரும் கைதட்டினோம்.

"மெஷினு எங்கயும் போகாது கண்ணு, நீயும் போக வேண்டாம். நாளையில இருந்து அண்ணாச்சிகூட நின்னு பூட்டற வேலையைக் கத்துக்க" என்றார் முதலாளி. எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

நான் பின்னால் வருவதாகச் சொல்லி நின்றுகொண்டேன். கதவைச் சாத்தினேன். புதுத் துணிக் குழாயிலிருந்து ஒரு முழம் வெட்டினேன். அதைத் தலை வழியாக மாட்டி இடுப்பு வரை இழுத்துவிட்டு, கழுத்தும் இல்லாத கையும் இல்லாத அந்தச் சட்டைக்குள் நின்று, குழிகளை உள்ளிருந்து தடவிப் பார்த்தேன்.