நாலு மஞ்சள் தொப்பி

பள்ளி வேன் ஓட்டுகிற அந்த மனுஷனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'எண்ணி மாமா'. காரணமில்லாமல் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தலை எண்ணாமல் அவர் வேன் சாவியைத் திருப்பியதே கிடையாது. ஒரு பிள்ளையைக்கூட எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. இதை அவர் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துப்போயிருந்தது.

கோடை விடுமுறையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலைப்பக்கம் சுற்றி வரலாம் என்று குடும்பத்தோடு கிளம்பியபோதும் மனுஷன் சும்மா வரவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் மிச்சமான மஞ்சள் தொப்பிகளில் நாலை எடுத்துவந்து மனைவி, மகன், மகள், அக்கா என்று நாலு பேர் தலையிலும் கவிழ்த்துவிட்டார். எந்தக் கூட்டத்திலும் முகம் தேட வேண்டாம், மஞ்சளைப் பார்த்தால் போதும், ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். அதுதான் அவர் தொழில் ரகசியம். தலை வேர்க்கிறது, என்னையாவது விட்டுவிடுங்கள் என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள். நடக்கிற காரியமா?

சனிக்கிழமை ஏரி, அருவி, பழைய கோட்டை எல்லா இடத்திலும் எண்ணினார். படகில் ஏறும்போது நாலு, இறங்கும்போது நாலு. நடுத் தண்ணீரில் யார் இறங்கி நடக்கப் போகிறார்கள் என்று அக்கா கேட்டாள். தொழில் தெரியாதவர்களோடு என்ன பேச்சு என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு காலை மலை ஏறினார்கள். உச்சியில் காற்று வாங்கி, கட்டிக் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் இறங்கினார்கள். வழக்கம்போல் அவர் முன்னால். பின்னால் பிள்ளைகளின் கூத்தும் கும்மாளமும். அக்கா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தன்பாட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தார். நாலு. அடுத்த வளைவு. நாலு. மூன்றாம் வளைவு தாண்டியதும் மேலேயிருந்து யாரோ கூப்பிட்டது மாதிரி இருந்தது. நின்றார், திரும்பினார், எண்ணினார். நாலும் சரியாக இருந்தது. வாங்க வாங்க என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார்.

அடிவாரத்தில் வேன் கதவைத் திறந்து பிடித்தார். மகன் ஏறினான், மகள் ஏறினாள், அக்கா பெருமூச்சோடு ஏறினாள். நாலாவது தொப்பி ஏறவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி நீட்டியது. ஏழெட்டு வயதுச் சிறுமி. யார் வீட்டுப் பிள்ளையோ! மகனோடும் மகளோடும் விளையாடிக்கொண்டே இறங்கி வந்திருக்கிறது.

"ஆன்ட்டிகிட்ட குடுத்துடுங்க அங்கிள். வெயிலா இருக்குன்னு மேல வச்சே போட்டுவிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு முன்னால் போய்க்கொண்டிருந்த தன் அப்பா அம்மாவைப் பார்த்து ஓடிவிட்டது.

தொப்பி அவர் கையில் இருந்தது. மனைவி எங்கேயும் இல்லை.

வேனைச் சுற்றி வந்தார், சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். அவள் பிள்ளைகளோடு வருகிறாள் என்று அக்கா நினைத்திருக்கிறாள். அத்தையோடு வருகிறாள் என்று பிள்ளைகள் நினைத்திருக்கின்றன. அவள் போனோ இவர் பையில் கிடந்தது. அந்தப் பாதையில் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். வனக்காவலர் உட்கார்ந்திருந்த சாவடிக்கு ஓடினார்.

காவலர் நிதானமான ஆள். பதறாதீர்கள், ஆள் அடையாளம் சொல்லுங்கள் என்றார்.

"மஞ்சள் தொப்பி..." என்று ஆரம்பித்தவர் தன் கையைப் பார்த்தார்.

"சரி, என்ன கலர் டிரஸ்?"

பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு எந்தச் சீட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவர். காலையிலிருந்து கூடவே நடந்தவள் என்ன உடுத்தியிருந்தாள்? யோசிக்க யோசிக்க மஞ்சளைத் தவிர ஒன்றும் வரவில்லை. பின்னாலேயே ஓடிவந்த மகள்தான் சொன்னாள்.

"பச்சைப்பா. பூப்போட்ட பச்சை. நேத்து ஏரிக் கடையில நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க."

காவலர் இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே நடந்தார். இவர் மூச்சு வாங்க வாங்கப் பின்னால் ஓடினார். வளைவுக்கு வளைவு பள்ளத்தை எட்டிப் பார்த்தார், பார்க்கவும் பயந்தார்.

உச்சியிலிருந்து மூன்றாம் வளைவில் ஒரு பாறையில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. உயிரோடு இருக்கிறாள்! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் போய் மண்டியிட்டு, கூப்பிட்டிருக்கக்கூடாதா என்று கேட்டார்.

"கூப்பிட்டேங்க. கால் பிசகுனதும் கத்திக் கூப்பிட்டேன். நீங்களும் நின்னு திரும்புனீங்க. என்னை நேராப் பாத்தீங்க. கையைக்கூடக் காட்டுனீங்க. அப்புறம் போய்ட்டீங்க."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவரைப் பேயறைந்த மாதிரி ஆக்கியது. காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆளுக்கொரு தோள் கொடுத்து அவளை இறக்கி வேனில் உட்காரவைத்தார்கள். அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. தலைக்கு மேலே கண்ணாடி இருந்தது. அதில் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்ன, எண்ணலையா?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

அவர் அந்த மஞ்சள் தொப்பியைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணாமலே சாவியைத் திருப்பினார்.